பெக்கோவுக்கு முன்னால் வரவேண்டியவர்

கேள்வி:



நாங்கள் புளத்கொகுபிட்டியவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லயத்தில் இருக்கிறோம். அம்மா றப்பர் பால் வெட்டியவர். அப்பா கான் வெட்டு, உரம் போடுவது என்று முப்பது வருசத்துக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்து இப்போது ஓய்வில் இருக்கிறார். நான் ஆசிரியை. அண்ணா கட்டாரில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிய காசையும் அப்பா அம்மாவின் ஈ.பி.எஃப். காசையும் சேர்த்துப் போன வருசம் டவுனுக்குக் கிட்ட 12 பேர்ச் காணி வாங்கினோம். தனியார் காணி, உறுதி இருக்கிறது. பாதை ஓரத்தில் நாற்பது அடி அகலம், உள்ளே எண்பது அடி நீளம். பாதையிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிறது. முன்பு றப்பர் நின்ற இடம். மரங்களை வெட்டி நான்கு வருசம் என்று விற்றவர் சொன்னார்.

சித்திரை வருசப்பிறப்பு முடிந்ததும் வேலை தொடங்க இருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த மேசன் பாஸ், "பிளான் எல்லாம் பிரதேச சபைக்குக் காட்டத்தான். முப்பது வீடு கட்டியிருக்கிறேன், என்னிடம் விடுங்கள்" என்கிறார். பெக்கோக்காரர் பின்பக்கத்தைப் பன்னிரண்டு அடிக்கு வெட்டி ஒரே சமமாக்கித் தருவதாகச் சொல்லி முற்பணமும் வாங்கிவிட்டார். டவுனில் பிளான் கீறுபவர் ஒருவர் இரண்டு நாளில் கீறித் தருவதாகச் சொல்கிறார், காணியைப் பார்க்க வரவில்லை. அண்ணா யூடியூபில் பார்த்த தமிழ்நாட்டு வீடு ஒன்றின் படத்தை அனுப்பியிருக்கிறார். மொட்டை மாடி வைத்த வீடு. என்னோடு படிப்பிக்கும் டீச்சர் கட்டடக் கலைஞர் ஒருவரைப் பாருங்கள் என்கிறார். அம்மாவோ, "அதெல்லாம் பங்களாக்காரருக்கு" என்கிறார்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டடக் கலைஞர் தேவைதானா? அவருக்குக் கொடுக்கும் காசில் இன்னும் ஓர் அறை கட்டலாமே என்று தோன்றுகிறது. எவ்வளவு எடுப்பார்கள்? உண்மையான ஆளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓர் ஆசிரியை, புளத்கொகுபிட்டிய

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்களுக்குக் கட்டடக் கலைஞர் தேவை. கொழும்பில் சமதரையில் பத்துப் பேர்ச் வைத்திருக்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். நல்ல பாஸ் ஒருவரும் அனுபவமுள்ள பிளான் கீறுபவரும் கிடைத்தால் அங்கே ஒரு சிறிய வீடு ஓரளவு ஒழுங்காக எழும்பிவிடும். உங்கள் காணி ஏறுகாணி. அதுவும் கேகாலை மாவட்டத்து ஏறுகாணி. அங்கே வீட்டின் அழகு, அறை, ஜன்னல் எல்லாம் பிறகு வருகிற விசயங்கள். மண்ணை எவ்வளவு தொடலாம், தண்ணீரை எந்தப் பக்கம் அனுப்பலாம் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யவேண்டும். அந்த முடிவை இப்போது உங்களுக்காக எடுத்து வைத்திருப்பவர் பெக்கோக்காரர். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான்.

2016 மே 17ஆம் திகதியை உங்கள் ஊர்க்காரருக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அன்றைக்கு அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதே நாளில் உங்கள் புளத்கொகுபிட்டியவில் களுபஹன தோட்டத்தில் லயத்தோடு மனிதர்கள் மண்ணுக்குள் போனார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு வீடு எங்கே இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. கம்பனி கட்டிய இடத்தில் இருந்தார்கள். உங்கள் குடும்பத்தில் அந்த உரிமை கையில் வந்திருக்கும் முதல் தலைமுறை நீங்களும் அண்ணாவும். அதை ஒரு மெசின் ஓட்டுகிறவரின் அரை நாள் வேலையிடம் விட்டுவிடாதீர்கள்.

சித்திரையில் மண் வெட்டினால் வெட்டிய முகம் புல்கூடப் பிடிக்காத பச்சை மண்ணாகவே மே மாத மழையைச் சந்திக்கும். உங்கள் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை வருவது அப்போதுதான். காணியில் நின்ற றப்பரை வெட்டி நான்கு வருசம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்கு மிகவும் உதவியது. பெரிய மரத்தை வெட்டிய உடனே மண் பலம் இழப்பதில்லை. அடியில் வேர் இருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். சில வருசத்தில் வேர் உக்கிப்போகிறது. பிடி விட்டுப்போவதோடு, வேர் இருந்த இடமெல்லாம் தண்ணீர் இறங்கும் குழாயாக மாறுகிறது. மரம் வெட்டிச் சில வருசம் கழிந்த சரிவு, மரத்தோடு நின்ற சரிவைவிட எளிதில் இளகும். உங்கள் காணி இப்போது அந்தப் பருவத்தில் இருக்கிறது.

இனிப் பன்னிரண்டு அடி வெட்டைக் கணக்குப் பார்ப்போம். நாற்பது அடி அகலத்துக்கு, முப்பது அடி உள்ளே போய், பின்பக்கம் பன்னிரண்டு அடி உயரம் வரும்படி ஒரே சமமாக வெட்டினால் அகற்றவேண்டிய மண் 7,200 கன அடி. பாஸ்மார் கணக்கில் 72 கியூப். ஒரு கியூப் ஈரமண் ஏறத்தாழ ஐந்து தொன் இருக்கும். மலை தன் மேற்பகுதியைச் சாய்த்து வைத்திருந்த 350 தொன்னுக்கும் அதிகமான மண்ணை நீங்கள் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு புளொக்கல் சுவரை நிறுத்தப்போகிறீர்கள்.

இதே காணியை இரண்டு படியாக வெட்டினால் எப்படி இருக்கும்? பதினைந்து அடிக்கு ஒரு தட்டு, அடுத்த பதினைந்து அடிக்கு மேலே இன்னொரு தட்டு. ஒவ்வொன்றின் பின்னும் வெட்டு ஆறு அடிதான். மண் 36 கியூப், சரிபாதி. பெக்கோ கூலியும் லொறிக் கூலியும் அந்த அளவுக்குக் குறையும். பன்னிரண்டு அடி உயரத்து மண்ணைத் தாங்கும் சுவரைப் பொறியியலாளர் ஒருவர் கணக்கிட்டு, கம்பி போட்டுக் கொங்கிறீட்டில் எழுப்பவேண்டும். ஆறு அடியை, மண் இடம் கொடுத்தால், அடியில் அகலமான கருங்கல் கட்டிலேயே சமாளிக்கலாம். கீழ்த்தட்டில் முன்னறையும் அப்பா அம்மாவின் அறையும், பத்துப் பன்னிரண்டு படி ஏறினால் மேல்தட்டில் குசினியும் மற்ற அறைகளும் என்று வீடு மலையோடு சேர்ந்து ஏறும். இந்த ஒரு யோசனைக்குத்தான் கட்டடக் கலைஞருக்குக் காசு கொடுக்கிறீர்கள். அவருடைய கட்டணத்தில் பெரும்பகுதி வெட்டாமல் விட்ட மண்ணிலும் கட்டாமல் விட்ட சுவரிலும் மிஞ்சிவிடும் என்பது என் அனுபவம். இன்னோர் அறை கட்டும் காசு என்று நீங்கள் எழுதியது சரிதான், ஆனால் அந்தக் காசு இப்போது பெக்கோவின் வாளிக்குள் போகத் தயாராக இருக்கிறது.

பல வருசத்துக்கு முன் இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்னைக் கூப்பிட்டது. வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சி ஒரு மழைக்காலம்தான் போயிருந்தது. பின்வெட்டு குசினிச் சுவருக்கு மூன்றடி தூரத்தில். மேலே இருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அந்த மூன்றடியை நிரப்பி, சுவர் உள்பக்கம் வயிறு தள்ளி நின்றது. வீட்டுக்கார அம்மா அந்தச் சுவரில் சட்டி பானை தட்டு மாட்டியிருந்தார். நான் போய் நின்று சொல்லக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: இந்த அறையில் இனி அடுப்பு எரிக்காதீர்கள், யாரும் படுக்காதீர்கள். கட்டிய பிறகு கூப்பிட்டால் என்னைப் போன்றவர்களால் அவ்வளவுதான் முடியும். அந்த வீட்டைக் கட்டிய பாஸ் கெட்டிக்காரர். கல்வேலை, பூச்சு எல்லாம் நேர்த்தி. வெட்டு எங்கே நிற்கவேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

நீங்கள் முதலில் போகவேண்டியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம். என்.பி.ஆர்.ஓ. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1984இல் தொடங்கிய அரச நிறுவனம். கேகாலையில் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட 2011 முதல் அவர்களுடைய சிபாரிசு தேவை. கேகாலை அந்தப் பட்டியலில் இருக்கிறது, இரத்தினபுரியும் இருக்கிறது. புளத்கொகுபிட்டிய பிரதேச சபையில் கட்டட விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்கும்போதே இதையும் கேளுங்கள். என்.பி.ஆர்.ஓ. அலுவலர் காணிக்கு வந்து சரிவையும் மண்ணையும் பார்த்து, இங்கே கட்டலாமா, கட்டினால் என்ன நிபந்தனை, வெட்டு எவ்வளவு உயரம், எங்கே கான் வேண்டும் என்று எழுதித் தருவார். பலர் இதைச் சபைக்குக் காட்டும் ஒரு கடுதாசியாக மட்டும் நினைத்து ஃபைலில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் பிளானின் முதல் பக்கம் அதுதான். கட்டடக் கலைஞரிடம் போகும்போது அந்த அறிக்கையைக் கொண்டுபோங்கள். அதைப் படிக்காமல் பென்சில் எடுக்கிறவர் உங்களுக்கு வேண்டாம். ஒருவேளை அறிக்கை, இங்கே கட்டவேண்டாம் என்று சொன்னால்? நெஞ்சு கனக்கும், எனக்கும் விளங்குகிறது. அப்போதும் அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்பா அம்மாவின் ஈ.பி.எஃப். காசு காணியோடு நிற்கும், வீட்டோடு சேர்ந்து சரியாது.

தண்ணீர் விசயத்துக்கு வருகிறேன். மழை அளவை வைத்து என்.பி.ஆர்.ஓ. எச்சரிக்கை விடும் முறையை வானொலியில் கேட்டிருப்பீர்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். இந்த எண்களை உங்கள் கூரையில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை என்றால் ஒன்பதாயிரம் லீட்டருக்கு மேல் தண்ணீர். கூரைக்குப் பீலி போடாவிட்டால், அல்லது போட்ட பீலியைப் பின்பக்கம் மண்ணிலேயே விட்டால், அந்த ஒன்பதாயிரம் லீட்டரும் நீங்கள் வெட்டிய வெட்டின் அடியில் போய் ஊறும். மேலே இருக்கிற மலையிலிருந்து வருவது வேறு. மலசலகூடத்து ஊறல்குழியை வெட்டுக்கு மேலே தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள், மேலே இடம் சும்மா கிடக்கிறதே என்று. வருசம் முழுவதும் வெட்டின் தலையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. ஊறல்குழி எங்கே என்று குறிக்காத பிளானை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இந்த விசயத்தில் உங்கள் வீட்டிலேயே ஒரு நிபுணர் இருக்கிறார். உங்கள் அப்பாவைச் சொல்கிறேன். மலைச்சரிவில் கான் எந்தச் சாய்வில் போகவேண்டும், மண்ணை அள்ளாமல் தண்ணீர் எப்படி இறங்கவேண்டும், எந்த இடத்தில் குழி விட்டு வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று முப்பது வருசம் கையால் செய்து பழகியவர். பல்கலைக்கழகத்தில் நாங்கள் புத்தகத்தில் படித்ததை அவர் மண்வெட்டியில் படித்திருக்கிறார். கட்டடக் கலைஞர் காணிக்கு வரும் நாளில் அப்பா கட்டாயம் கூட நிற்கட்டும். வீட்டுக்கு மேலே மலைத்தண்ணீரை மறித்துப் பக்கவாட்டில் கொண்டுபோகும் கான் எங்கே வெட்டலாம் என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

அதனால் என் யோசனை இது. சித்திரையில் மண் வெட்டாதீர்கள். ஒரு மழைக்காலத்தை அந்தக் காணியில் பாருங்கள். லயத்துக் காம்பிராவில் இன்னொரு வருசம் என்பது லேசான வார்த்தையில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் அந்த மாதங்கள் சும்மா போகப்போவதில்லை. நில அளவையாளரிடம் எல்லையை மட்டும் அளக்காமல் உயர மட்டங்களையும் குறித்த வரைபடம் ஒன்று எடுங்கள். மழை நேரத்தில் அப்பாவும் நீங்களும் போய்த் தண்ணீர் எங்கே கூடுகிறது, எங்கே ஊற்றெடுக்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஏதாவது கண்ணில் பட்டால் உடனே என்.பி.ஆர்.ஓ. அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அறிக்கை, பிளான், சபை அனுமதி எல்லாம் இதற்குள் முடியும். வருகிற தையில், மழை குறைந்த நாட்களில் மண் வெட்டுங்கள். அடுத்த மே மாதத்துக்குள் கல்கட்டும் கானும் முடிந்திருக்கும், வெட்டின் முகத்தில் புல்லும் பிடித்திருக்கும்.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். கட்டடக் கலைஞர் பங்களாக்காரருக்கு என்பது அவர் வாழ்க்கையில் பார்த்த உண்மை. துரை பங்களாவுக்கு மலையின் நல்ல இடம் பார்த்தார்கள், காற்று வெளிச்சம் பார்த்தார்கள். லயத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவை வரிசையாக அடுக்கினார்கள். அந்த அறையில் ஒருத்தி எப்படிச் சமைப்பாள், வயதுக்கு வந்த பிள்ளை எங்கே உடுப்பு மாற்றும் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவிடம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். மினெட் டி சில்வா, 1918இல் கண்டியில் பிறந்தவர், இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். 1950களில் கண்டி வட்டபுலுவவில் அரச ஊழியர்களுக்காக ஒரு வீட்டுத்திட்டம் வந்தபோது, அவர் வரையத் தொடங்கும் முன் அங்கே குடிவரப்போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார். எப்படிச் சமைப்பீர்கள், எத்தனை பேர், எங்கே கும்பிடுவீர்கள், எவ்வளவு காசு இருக்கிறது என்ற வகைக் கேள்விகள். பணம் அளவாக இருந்த, பல இனங்களையும் மதங்களையும் சேர்ந்த குடும்பங்கள் அவர்கள். பதிலுக்கு ஏற்ப வீட்டின் வகைகளை அமைத்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், வீட்டு விசயத்திலிருந்து சற்று விலகியதானாலும். மினெட்டின் தாயார் அக்னஸ் டி சில்வா, டொனமூர் ஆணைக்குழு முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போனவர்களில் ஒருவர். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று அங்கே கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே, அவர்களுக்கும்தான் என்று பதில் சொன்னார். உங்கள் அம்மாவின் பாட்டிமாருக்காகப் பேசிய அந்தத் தாயின் மகள்தான், வரைவதற்கு முன் கேட்கவேண்டும் என்ற பழக்கத்தை இந்த நாட்டில் செய்து காட்டியவர்.

ஆகவே உங்கள் கேள்வித்தாளை நீங்களே எழுதுங்கள். அம்மாவைப் பேசவிட்டு எழுதுங்கள். விறகு அடுப்பு தொடர்ந்து வேண்டுமா? வேண்டுமானால் விறகு எங்கே காயும், புகை எங்கே போகும்? அப்பாவுக்கு முழங்கால் எப்படி, இரவில் மலசலகூடத்துக்கு எத்தனை படி ஏறலாம்? அண்ணா கலியாணம் கட்டி வந்தால் எந்த அறை? காமன் கூத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் உறவுக்காரர் வந்தால் எத்தனை பேர் படுப்பார்கள்? லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரரோடு பேசுவது பிடிக்கும் என்றால் அதையும் எழுதுங்கள். பலர் லயத்தை விட்டு வந்ததும் இஸ்தோப்பை மறந்து முன்பக்கத்தைக் கம்பிக் கதவால் அடைத்துவிட்டு, பிறகு பேச ஆளில்லாமல் இருக்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதினால் போதும். நல்ல கட்டடக் கலைஞர் அதை வாங்கி முழுவதும் வாசிப்பார்.

அண்ணா அனுப்பிய படத்தைப் பற்றி அவருக்கு வருத்தமில்லாமல் சொல்லவேண்டும். மொட்டை மாடி தமிழ்நாட்டின் வெயிலுக்கும் குறைந்த மழைக்கும் பொருந்தும். உங்கள் பகுதியில் மாதக்கணக்கில் ஈரம் காயாத சிலாப் கசியும், பாசி பிடிக்கும், கம்பி துருப்பிடிக்கும். சாய்ந்த கூரையும், சுவரைத் தாண்டி இரண்டரை மூன்றடி வெளியே நீளும் இறக்கமும் உங்கள் வீட்டுக்கு வேண்டும். முகப்பு அண்ணாவின் விருப்பப்படி இருக்கட்டும்.

கட்டணம் பற்றி. முழு வேலையையும் ஒப்படைத்தால் கட்டடக் கலைஞர்கள் வழக்கமாகக் கட்டடச் செலவில் ஒரு வீதத்தைக் கேட்பார்கள், வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக வாங்குவார்கள். சிறிய வீட்டுக்கு ஒரு தொகை பேசி முடிப்பதும் உண்டு. உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. காணிக்கு ஒரு நாள் வந்து பார்ப்பது, பிளான், மேசனுக்கு வேண்டிய விவரப் படங்கள், கட்டும் காலத்தில் ஐந்து தடவை வந்து பார்ப்பது. இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு தொகை என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஐந்து தடவை எப்போது என்பதையும் எழுதுங்கள்: மண் வெட்டுமுன் குறி போடும் நாள், அத்திவாரக் கிடங்கில் கொங்கிறீட் ஊற்றுமுன், கல்கட்டின் பின்பக்கம் மூடுமுன், கூரை மரம் ஏற்றியதும், கான்களும் குழிகளும் முடிந்ததும். மூன்றாவது வருகையை விட்டுக்கொடுக்காதீர்கள். கல்கட்டுக்குப் பின்னால் சல்லியும் தண்ணீர் வெளியேறும் குழாயும் வைத்தார்களா என்று மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. கல்கட்டுகள் விழுவது பெரும்பாலும் பின்னால் தேங்கிய தண்ணீரால்தான். முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். அதோடு, எந்தக் கடையில் சீமெந்து, ஓடு வாங்குவது என்று வற்புறுத்துகிறவரானால் கவனம். அவர் உங்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு மட்டுமே வேலை செய்யவேண்டும்.

ஆள் உண்மையானவரா என்று அறிவது கடினமில்லை. இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் நிறுவனம் 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. கட்டடக் கலைஞர் என்று தொழில் செய்கிறவர் பதிவுச் சபையில் பதிந்திருக்கவேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று கூச்சப்படாதீர்கள், உண்மையானவர் தாராளமாகக் காட்டுவார். பிறகு மலைப்பக்கத்தில் அவர் கட்டிய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போகும்போது வீட்டுக்காரரிடம் தனியே ஒரு கேள்வி கேளுங்கள்: மழையில் பின்பக்கம் எப்படி இருக்கிறது? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் கொழும்பிலும் படித்து வெளிவந்த இளையவர்கள் பலர் இருக்கிறார்கள். ஊருக்கு வர மனமுள்ள இளையவர் ஒருவர், காணிக்கு வராத பெரிய பெயரைவிட உங்களுக்குப் பயன்படுவார்.

டவுனில் பிளான் கீறுபவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. சொன்னதை அளவோடு கீற அவருக்குத் தெரியும். எதைக் கீறவேண்டும் என்று முடிவெடுப்பது வேறு வேலை. உங்கள் காணிக்கு ஒருமுறைகூட வராமல் அந்த முடிவை எடுக்க முடியாது.

பாஸை இழந்துவிடாதீர்கள். முப்பது வீடு கட்டிய கை உங்களுக்கு வேண்டும். பிளான் வரும்வரை அவரை ஒதுக்கிவைத்து, பிறகு ஒரு கட்டுப் படங்களை நீட்டினால் அவர் மனம் கோணும். படம் முடிவாகும் முன்பே கட்டடக் கலைஞரையும் அவரையும் ஒரு நாள் காணியில் சேர்த்து நிறுத்துங்கள். ஊரில் எந்தக் கருங்கல் கிடைக்கும், மணல் லொறி பாதையில் எதுவரை ஏறும் என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கலைஞர் படத்தை மாற்றுவார். பொருட்களின் அளவுப் பட்டியல் ஒன்றும் கட்டாயம் வேண்டும், பீ.ஓ.கியூ. என்பார்கள். எத்தனை மூட்டை சீமெந்து, எத்தனை கியூப் மணல் என்று கையில் இருந்தால், கட்டாரில் இருக்கும் அண்ணாவுக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பவேண்டும் என்று தெரியும். பாதியில் நின்று கம்பி துருப்பிடிக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. அவற்றில் பல, கணக்கு இல்லாமல் தொடங்கியவை.

அறிக்கையும் அனுமதிக் கடிதமும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்தால் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் கேட்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கட்டடக் கலைஞருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பேசும் நாளில் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். படத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் அப்பா அம்மாவுக்கு நீங்கள் தமிழில் சொல்லிக்காட்ட முடியவேண்டும். முடியாவிட்டால் பிளான் இன்னும் முடியவில்லை.

இதை வாசிக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்து வீட்டுத்திட்டத்தில் ஏழு பேர்ச் கிடைத்து, அதில் ஒரே மாதிரி வீடு எழும்பியிருக்கிறவர்கள், இனி அறை கூட்ட நினைக்கும்போது பின்பக்கத்து மண்ணைத்தான் வெட்டுகிறார்கள். ஏழு பேர்ச் என்பது 1,900 சதுர அடி, ஒதுங்க இடம் குறைவு. ஒரே வரிசையில் இருக்கும் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கட்டடக் கலைஞரை ஒரு நாளைக்குக் கூப்பிட்டால் ஆளுக்கு வரும் செலவு சிறியது. மேல்வீட்டுக்காரரின் கான் கீழ்வீட்டுக்காரரின் தலையில் முடியாமல் இருக்கவும் அது ஒன்றுதான் வழி. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் வேலை செய்யலாம். கான் வெட்டித் தரச் சொல்லிச் சபை உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தங்கச்சி, இந்தக் கிழமை ஒரு நாள் லீவு போட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு பிரதேச சபைக்கும் கேகாலை என்.பி.ஆர்.ஓ. அலுவலகத்துக்கும் போங்கள். உறுதியின் பிரதியையும் நில அளவை வரைபடத்தையும் கொண்டுபோங்கள். அதற்கு முன், இன்றைக்கே, பெக்கோக்காரருக்கு ஒரு கோல் எடுத்து, அறிக்கை கைக்கு வந்த பிறகு கூப்பிடுகிறோம், அதுவரை மெசினைக் காணிக்குள் இறக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.